வீட்டில் ஏற்றிய டர்போவுக்கு எந்த பூஸ்ட் கட்டுப்பாடு: ஸ்பிரிங்கா, கைவால்வா, சோலனாய்டா?

பழைய மாருதி ஜென், எஸ்டீம், 800 மாதிரி ஒரு பெட்ரோல் வண்டியில் டர்போ ஏற்ற நினைக்கிறவருக்கு வடசென்னையில் முதல் பாதி வேலை சுலபமாகவே நடந்துவிடும். டீசல் ஸ்விஃப்டிலிருந்து கழற்றிய சின்ன டர்போ புதுப்பேட்டையில் கிடைக்கும். மேனிஃபோல்டு வெட்டி வெல்டிங் அடிக்கத் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் கை சுத்தமான ஆட்கள் இருக்கிறார்கள். ஆயில் லைன் எங்கிருந்து எடுப்பது, ரிட்டர்ன் லைனை எவ்வளவு சரிவாக சம்ப்பில் இறக்குவது, ஷாஃப்டில் ஆட்டம் இருக்கிறதா என்பதையெல்லாம் மாதவரம், மணலி பக்கத்து லாரி மெக்கானிக்குகள் கையால் தொட்டே சொல்லிவிடுவார்கள். சிக்கல் அதற்கு அப்புறம்தான். பூஸ்ட்டை, அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் கூடுதல் காற்றழுத்தத்தை, எவ்வளவில் நிறுத்துவது, எதை வைத்து நிறுத்துவது?

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். தனி இசியூ (இன்ஜினை ஆளும் கணினிப் பெட்டி) இல்லாத வண்டிக்கு மெலிந்த ஸ்பிரிங் உள்ள ஆக்சுவேட்டர் (டர்போவின் புகைக்கதவைத் திறக்கும் டப்பா) மட்டும் போதும், பூஸ்ட் கட்டுப்பாட்டுக்கு வேறு எதுவும் வேண்டாம். தனி இசியூ இருந்தால், அதே மெலிந்த ஸ்பிரிங்கோடு மூன்று வாய் சோலனாய்டு, அதாவது மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற கைவால்வைத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். பெட்ரோல் வண்டிக்கு அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

லாரி மெக்கானிக்கிடம் பூஸ்ட் பற்றிக் கேட்டால், "லாரிக்கே ஒண்ணரை கிலோ போகுது, உன் வண்டிக்கு ஒரு கிலோ வெச்சா என்ன தம்பி?" என்பார். அவர் சொல்வது டீசலுக்கு முழு உண்மை. டீசல் இன்ஜின் வெறும் காற்றைத்தான் அழுத்துகிறது, எண்ணெய் கடைசி நொடியில்தான் உள்ளே பாய்கிறது. முன்கூட்டியே பற்றிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. காற்று கூடினால் எரிப்பு சுத்தமாகி எக்ஸாஸ்ட் சூடு குறையவும் செய்யும். பெட்ரோலில் காற்றும் எரிபொருளும் கலந்தே அழுத்தப்படுகின்றன. பிளக் பற்றவைத்த தீ போய்ச் சேருவதற்குள் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங். லேசாக இருந்தால் டிக் டிக்கென்று தட்டும் சத்தம். கடுமையாக இருந்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் வரம்பு உடையும், ஹெட் கேஸ்கெட் போகும். டீசலில் பழகிய கையோடு பெட்ரோலுக்கு பூஸ்ட் வைத்தால் அங்கேதான் போய் முடியும்.

கணக்கைப் பாருங்கள். 35 டிகிரி காற்றை 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸர் (டர்போவில் காற்றை அழுத்தும் பாதி) 0.4 பார் அளவுக்கு அழுத்தினால் வெளியே வரும் காற்று சுமார் 79 டிகிரி இருக்கும். அதே காற்றை ஒரு பார், அதாவது மெக்கானிக் சொல்லும் ஒரு கிலோ அளவுக்கு அழுத்தினால் 130 டிகிரியைத் தாண்டும். இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர வைக்கும் ரேடியேட்டர்) இல்லாமல் 0.4 பாரில் சிலிண்டருக்குள் போகும் காற்றின் எடை 40 சதவீதம் கூடுவதில்லை, சூடு தின்றதுபோக 22 சதவீதம்தான் கூடுகிறது. இன்டர்கூலர் வைத்து 50 டிகிரிக்கு இறக்கினால் அது 33 சதவீதத்தை ஒட்டி வரும். பூஸ்ட்டைக் கூட்டுவதற்குச் செய்யும் செலவை இன்டர்கூலருக்குச் செய்வது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி மூன்று வழிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். அதிக நேரம் முதல் வழியில்தான் போகும், ஏனென்றால் மற்ற இரண்டும் அதன் தோளில் ஏறி நிற்பவை.

ஸ்பிரிங் மட்டும்

டர்பைனுக்கு, அதாவது புகையால் சுற்றும் டர்போ சக்கரத்துக்கு, போகிற புகையில் ஒரு பங்கை சக்கரத்தைத் தொடாமல் நேராக வெளியே விடும் கதவுதான் வேஸ்ட்கேட். அதைத் திறக்கும் டப்பா ஆக்சுவேட்டர். டப்பாவுக்குள் ஒரு டயஃப்ரம், அதை எதிர்த்துத் தள்ளும் ஒரு ஸ்பிரிங். கம்ப்ரஸரிலிருந்து ஒரு சின்ன ஹோஸ் டப்பாவுக்கு வருகிறது. அழுத்தம் ஸ்பிரிங்கை வென்றால் ராடு நகரும், கதவு திறக்கும், பூஸ்ட் அங்கே நிற்கும்.

இதில் அசைக்க முடியாத விதி ஒன்று உண்டு: ஸ்பிரிங் எந்த அழுத்தத்துக்கோ, அதற்குக் கீழே எந்தக் கட்டுப்பாட்டுக் கருவியும் பூஸ்ட்டை இறக்காது. கைவால்வும் சரி, சோலனாய்டும் சரி, ஸ்பிரிங்குக்கு மேலே ஏற்ற மட்டும்தான் தெரிந்தவை. டீசல் டர்போவோடு வரும் ஆக்சுவேட்டர் டீசலுக்கென்று அளவு வைக்கப்பட்டது. பெரும்பாலும் ஒரு பாரை ஒட்டி, சிலவற்றில் அதற்கும் மேலே. அதை அப்படியே ஜென்னின் 993 சிசி இன்ஜினில் மாட்டினால் அந்த வண்டியின் குறைந்தபட்ச பூஸ்ட்டே ஒரு பார் ஆகிவிடும். 9-ஐ ஒட்டிய கம்ப்ரஷன் உள்ள, பிஸ்டன் மாற்றாத இன்ஜினுக்கு அது தாங்காது. எனவே டர்போ வாங்கும்போதே 0.3 அல்லது 0.4 பாரில் திறக்கும் ஆக்சுவேட்டர் ஒன்றையும் தேட வேண்டும். வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தாலும் வரவழையுங்கள். மொத்த வேலையிலும் நான் பேரம் பேசாமல் காசு கொடுக்கச் சொல்லும் ஒரே சாமான் இது.

கையில் இருக்கும் ஆக்சுவேட்டர் எத்தனை பாருக்கு என்று தெரியவில்லையா? வண்டியில் மாட்டுவதற்கு முன்னால் மேஜை மேலேயே பார்த்துவிடலாம். ரெகுலேட்டர் உள்ள காற்று லைன், இரண்டு பார் வரை மட்டும் காட்டும் ஒரு கேஜ், ஒரு டி-ஃபிட்டிங், அவ்வளவுதான். ராடு வெளியே வரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ரெகுலேட்டரை மூடி வைத்து மெதுவாகத் திறங்கள். 0.2, 0.25 என்று ஏறும்போது கோடு எந்த இடத்தில் முதலில் நகர்கிறது என்று பாருங்கள். அதுதான் திறக்கத் தொடங்கும் அழுத்தம். ராடு ஐந்து மில்லி நகர எத்தனை பார் ஆகிறது என்பதையும் எழுதி வையுங்கள். கதவு திறந்தும் திறக்காமலும் இருக்கும் நிலைக்கும் நன்றாகத் திறந்த நிலைக்கும் நடுவில் உள்ள இடைவெளி அதில் தெரியும். பிறகு காற்றை அடைத்துவிட்டு ஒரு நிமிடம் கேஜைக் கவனியுங்கள். முள் இறங்கினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது, அந்த டப்பா ஆகாது. பங்க்சர் கடை கம்ப்ரஸரை நேராக இதில் வைக்கவே கூடாது. டேங்கில் நிற்கும் ஏழெட்டு பார் ஒரே அடியில் நல்ல டயஃப்ரத்தையும் கிழித்துவிடும்.

ராடைச் சுருக்கி ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கினால் பூஸ்ட் கொஞ்சம் ஏறும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. ஏறும், உண்மைதான். ஆனால் டயஃப்ரத்தின் நகர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. முன்னாலேயே இழுத்து வைத்தால் கதவு முழுக்கத் திறக்க மிச்சம் இருக்காது, மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் கைமீறும். கதவு இருக்கையில் சரியாக அமர ஒன்றிரண்டு திருகு இறுக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹோஸை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஆக்சுவேட்டருக்கு கம்ப்ரஸர் வாயிலிருந்து எடுங்கள், பூஸ்ட் கேஜுக்கு த்ராட்டிலுக்குப் பின்னால் மேனிஃபோல்டிலிருந்து எடுங்கள். இரண்டையும் ஒரே டி-யில் கட்டாதீர்கள். கேஜ் ஹோஸில் ஓட்டை விழுந்தால் ஆக்சுவேட்டருக்கும் அழுத்தம் குறையும், கதவு தாமதமாகத் திறக்கும், கேஜும் குறைத்துக் காட்டும். அதிகமாகப் போகும் பூஸ்ட்டை அன்றைக்கு நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

ஸ்பிரிங்கின் குறை என்ன? அழுத்தம் இலக்கை எட்டுவதற்கு வெகு முன்னாலேயே கதவு லேசாகத் திறக்கத் தொடங்கிவிடும். அதனால் பூஸ்ட் கொஞ்சம் சோம்பலாக ஏறும். பெரிய டர்போ வைத்தவர்களுக்கு இது வலிக்கும். 1248 சிசி டீசலுக்கென்று செய்த சின்ன டர்போவை ஒரு லிட்டர் பெட்ரோல் இன்ஜின் சுற்ற வைப்பதில் அந்தச் சோம்பலை நீங்கள் உணரப் போவதில்லை.

கதவே சிறியதாக இருந்தால்

இந்தச் சின்ன டர்போக்களில் உண்மையான தொல்லை இன்னொன்று. டீசலில் ஒரு பாருக்கு மேல் கேட்டு வேலை வாங்கியபோது பெரும்பங்கு புகை டர்பைன் வழியாகவே போனது, கதவு வழியாகப் போக வேண்டியது கொஞ்சம்தான். பெட்ரோலில் நமக்கு வேண்டியது 0.4 பார்தான். ஆனால் புகையோ இன்னும் சூடானது, 6000 ஆர்பிஎம் வரை வந்துகொண்டே இருப்பது. அதில் பெரும்பங்கை அந்தச் சின்னத் துளை வழியாகத் தள்ள வேண்டும். துளை போதாது. கதவு முழுக்கத் திறந்தும் மிச்சப் புகை சக்கரத்தைச் சுற்றும், ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்ட்டும் ஏறிக்கொண்டே போகும். 3500-ல் 0.4 காட்டும் கேஜ் 5500-ல் 0.7 காட்டினால் நோய் இதுதான். எந்தக் கன்ட்ரோலர் வாங்கினாலும் தீராது, ஏனென்றால் கன்ட்ரோலர் செய்யக்கூடியது கதவைத் திறப்பது மட்டும்தான், கதவோ ஏற்கெனவே திறந்தே கிடக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க நேரான சோதனை ஒன்று உண்டு. ராடைக் கழற்றி, கதவை முழுக்கத் திறந்த நிலையில் கம்பி போட்டுக் கட்டிவிட்டு, மூன்றாவது கியரில் கவனமாக ஏற்றிப் பாருங்கள். அப்போது கேஜ் எவ்வளவு காட்டுகிறதோ அதுதான் உங்கள் வண்டியின் தரைமட்டம். பூஸ்ட் கிட்டத்தட்ட இல்லையென்றால் கதவு போதும். 0.4-ஐத் தாண்டினால் ஹவுசிங்கைக் கழற்றி டை கிரைண்டரால் துளையைப் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய தட்டு வைக்க வேண்டும். துளையைச் சுற்றி இருக்கும் சுவரில் எவ்வளவு கனம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிரைண்டர் வைக்க வேண்டும். தட்டு உட்காரும் வட்டம் சமமாக வராவிட்டால் புகை கசிந்து பூஸ்ட்டே வராது. இல்லையென்றால் மேனிஃபோல்டில் தனியாக வெளி வேஸ்ட்கேட் போட வேண்டும். வெளி வேஸ்ட்கேட் போடுபவர்கள் குழாயை மேனிஃபோல்டிலிருந்து புகை ஓடும் திசையிலேயே சாய்வாக எடுக்க வேண்டும். செங்குத்தாகத் துளைத்து வெல்டிங் அடித்தால் எவ்வளவு பெரிய வால்வு வைத்தாலும் புகை அந்தப் பக்கம் திரும்பாது. வெல்டிங் ஆளிடம் சாக்பீஸால் கோடு போட்டே காட்டிவிடுங்கள்.

வேஸ்ட்கேட்டே இல்லாமல் ஓட்டலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 1962-ல் வந்த ஷெவர்லே கார்வேர் டர்போவில் வேஸ்ட்கேட் கிடையாது. எக்ஸாஸ்ட்டில் இருக்கும் நெரிசலை நம்பியே பூஸ்ட்டை மட்டுப்படுத்தினார்கள். அதே ஆண்டு வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் வேஸ்ட்கேட் இருந்தது. கார்வேரில் இன்ஜின், டர்போ, சைலன்சர் மூன்றையும் ஒரே கம்பெனி சேர்த்து அளவெடுத்துப் பொருத்தியது. நாம் கிடைத்ததை வைத்துச் சேர்க்கிறோம், நமக்கு அது ஒத்துவராது.

கைவால்வு

இதில் இரண்டு வகை. முதலாவது கசியவிடும் வால்வு. ஆக்சுவேட்டர் ஹோஸில் ஒரு டி போட்டு, ஊசி வால்வு வழியாகக் கொஞ்சம் காற்றை வெளியே விடுவது. டப்பாவுக்குப் போகும் அழுத்தம் குறைவதால் கதவு தாமதமாகத் திறக்கிறது, பூஸ்ட் ஏறுகிறது. இரண்டாவது பந்தும் ஸ்பிரிங்கும் உள்ள வால்வு. குறித்த அழுத்தம் வரும்வரை டப்பாவுக்குக் காற்றே போகாது, வந்ததும் பந்து விலகி மொத்தமும் போகும். கதவு கடைசிவரை மூடியிருப்பதால் பூஸ்ட் படபடவென்று ஏறும். பாரிமுனையில் செம்புதாஸ் தெரு, லிங்கி செட்டி தெரு என்று நடந்தால் நியூமேட்டிக் ஃபிட்டிங்குகளை வாங்கி இரண்டையும் நாமே செய்துவிடலாம். செலவும் மிகக் குறைவு. இந்த வசதிதான் எல்லோரையும் இழுக்கிறது.

கசியும் வால்வை விட்டுவிடலாம். மீன்தொட்டிக் குழாயில் வரும் பிளாஸ்டிக் வால்வை பானெட்டுக்குள் வைத்தவர்களும் இருக்கிறார்கள். அது சூட்டில் இளகும், இளகினால் அளவு மாறும். பித்தளையில் நல்லதாக வைத்தாலும் அந்தச் சின்னத் துளை எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரித் தூசியில் அடைபடும். அடைந்தால் பூஸ்ட் குறையும், அது ஆபத்தில்லை. ஆனால் அடைப்பைச் சுத்தம் செய்த அன்றைக்கு, குறைந்த பூஸ்ட்டுக்குப் பழகிப்போய் நீங்கள் திருகி வைத்த அளவு திடீரென்று முழு வேலை செய்யும்.

பந்து வால்வு இதைவிட ஒழுங்கானது. ஆனால் வால்வுக்கும் ஆக்சுவேட்டருக்கும் நடுவில் ஒரு மில்லி அளவில் ஒரு கசிவுத் துளை இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பந்து மூடியபின் டப்பாவில் காற்று சிறைபட்டு, அடுத்த கியரில் கதவு திறந்தபடியே நிற்கும். பந்து துருப்பிடித்து மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டால் நேர்மாறு: கதவு திறக்கவே திறக்காது. காசிமேடு, திருவொற்றியூர் மாதிரிக் கடலை ஒட்டிய தெருவில் நிறுத்தும் வண்டிக்குச் சாதாரண இரும்புப் பந்து சில மாதத்தில் இந்த வேலையைக் காட்டிவிடும். உப்புக்காற்றுக்கு வேஸ்ட்கேட் கதவின் ஊசியும் புஷ்ஷும் கூட இறுகும் என்பதால், மாதம் ஒருமுறை ராடைக் கழற்றிக் கதவைக் கையால் ஆட்டிப் பார்ப்பது எல்லா வழிகளுக்கும் பொது.

இவையெல்லாம் பராமரிப்பில் தீர்ந்துவிடும் சங்கதிகள். கைவால்வை நான் ஒதுக்குவதற்குப் பெரிய காரணம் வேறு. டர்போ பெட்ரோல் இன்ஜினில் மூன்று விஷயங்கள் சேர்ந்தே நகர வேண்டும்: காற்று, பெட்ரோல், இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்). பூஸ்ட் 0.1 பார் ஏறினால் கார்பரேட்டருக்கு வரும் பெட்ரோல் அழுத்தமும் 0.1 பார் ஏற வேண்டும், இல்லாவிட்டால் மிதவைக் கிண்ணத்துக்குள் பெட்ரோல் போகாது. டைமிங்கைப் பின்னால் தள்ள வேண்டும். ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி என்பது பலரும் தொடங்கும் கணக்கு, 0.1 பார் என்பது ஒன்றரை பிஎஸ்ஐ. கைவால்வு இந்த மூன்றில் காற்றை மட்டும் நகர்த்துகிறது. டேஷ்போர்டில் கைக்கெட்டும் இடத்தில் திருகு இருந்தால், இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று ஒருநாள் திருகத்தான் செய்வோம். பெட்ரோலும் டைமிங்கும் பழைய இடத்திலேயே நிற்கும்.

சென்னை வெயில் இதை இன்னும் மோசமாக்குகிறது. டிசம்பர் விடியலில் 23 டிகிரி காற்றை 0.5 பார் அழுத்தினால் 75 டிகிரியாக வெளியே வரும். கத்திரி வெயிலில் கடற்காற்று உள்ளே வருவதற்கு முன்னால், 39 டிகிரியில், அதே 0.5 பார் 94 டிகிரி கொடுக்கும். கேஜில் முள் ஒரே இடத்தில்தான் நிற்கிறது, ஆனால் இன்ஜின் பார்ப்பது வேறு காற்று. டிசம்பரில் நாக்கிங் இல்லாமல் ஓடும் எல்லை வரை திருகி வைத்த வண்டி மே மாதம் மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, பானெட்டுக்குள் எல்லாம் கொதித்த பிறகு, காலை அழுத்தியதும் தட்டும். ஸ்பிரிங் மட்டும் உள்ளவர் 0.35-ல் நிற்பதால் அந்த 19 டிகிரி வித்தியாசம் அவரைத் தொடுவதில்லை. கைவால்வுக்காரர் விளிம்பிலேயே நிற்கிறார்.

சோலனாய்டு

பெட்ரோலுக்கு மின்னணு பூஸ்ட் கட்டுப்பாட்டைப் பெருமளவில் கொண்டுவந்தது சாப் (Saab) கார் கம்பெனி. 1980-களின் தொடக்கத்தில் அவர்கள் வைத்த ஏபிசி (APC) அமைப்பில் இன்ஜின் பிளாக்கில் ஒரு நாக் சென்சர், ஆக்சுவேட்டர் ஹோஸில் ஒரு சோலனாய்டு. தட்டும் சத்தம் கேட்டால் பூஸ்ட் தானாக இறங்கும். எந்தத் தரப் பெட்ரோல் ஊற்றினாலும் இன்ஜின் பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் நோக்கம். அந்த ஒழுங்கையே நாமும் பிடித்துக்கொள்ள வேண்டும்: மின்சாரம் போனால் பூஸ்ட் கீழே வர வேண்டும், மேலே போகக் கூடாது.

ஸ்பீடுயினோ, மெகாஸ்குவிர்ட் மாதிரித் தனி இசியூ வைத்து, கார்பரேட்டரைக் கழற்றி இன்ஜெக்டர் போட்டவர்களுக்கு இதுதான் சரியான வழி. காற்று, பெட்ரோல், டைமிங் மூன்றும் ஒரே மூளையிடம் வந்துவிடுகின்றன. உள்ளே வரும் காற்றின் சூடு 50 டிகிரியைத் தாண்டினால் சோலனாய்டு வேலையைக் குறை, 65-ஐத் தாண்டினால் முழுக்க நிறுத்து என்று எழுதிவிடலாம். மே மாதச் சிக்கல் அங்கேயே தீர்ந்தது. முதல் இரண்டு கியரில் ஸ்பிரிங் அழுத்தம் மட்டும், மூன்றாவதிலிருந்து கூடுதல் என்றும் வைக்கலாம். சின்ன வண்டியின் டிரைவ் ஷாஃப்டுக்கும் கிளட்சுக்கும் அது பெரிய உதவி.

மாட்டும்போது ஒரு விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். சோலனாய்டில் மூன்று வாய்கள்: ஒன்று கம்ப்ரஸரிலிருந்து, ஒன்று ஆக்சுவேட்டருக்கு, ஒன்று வெளிக்காற்றுக்கு. மின்சாரம் இல்லாதபோது கம்ப்ரஸரும் ஆக்சுவேட்டரும் நேராக இணைந்திருக்க வேண்டும். மாற்றி மாட்டிவிட்டால் மின்சாரம் இல்லாதபோது ஆக்சுவேட்டர் வெளிக்காற்றோடு பேசிக்கொண்டிருக்கும், கதவு திறக்கவே திறக்காது. மேலே அச்சிட்ட எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அவற்றை நம்ப வேண்டாம். கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரஸர் பக்க ஹோஸில் வாயால் ஊதுங்கள், ஆக்சுவேட்டர் பக்க வாயில் விரலை வையுங்கள். விரலில் காற்றுப் பட்டால் சரி. பிறகு 12 வோல்ட் கொடுத்து ஊதுங்கள், இப்போது விரலில் படக் கூடாது.

இசியூவில் முதல் நாள் டூட்டி சைக்கிள் (சோலனாய்டுக்கு மின்சாரம் இருக்கும் நேரத்தின் சதவீதம்) பூஜ்யம். வண்டி வெறும் ஸ்பிரிங்கில் ஓடட்டும், எரிபொருள் மேப் (எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை) முழுக்க முடியட்டும். அப்புறம் 10, 15, 20 என்று ஏற்றி ஒவ்வொரு படியிலும் பதிவெடுத்துப் பாருங்கள். இந்தச் சோலனாய்டுகள் பொதுவாக 20 முதல் 30 ஹெர்ட்ஸில் நன்றாக வேலை செய்யும். இலக்கை எழுதிவிட்டு இசியூவே திருத்திக்கொள்ளும் முறைக்கு அவசரப்பட வேண்டாம். அதன் எண்கள் சரியாக அமையாவிட்டால் பூஸ்ட் இலக்கைத் தாண்டிக் குதித்துவிட்டுத்தான் இறங்கும், அந்த ஒரு குதி போதும் கேஸ்கெட்டுக்கு. டூட்டி அட்டவணையை நிலையாக வைத்து ஓட்டுவதே வீட்டு வண்டிக்கு நிம்மதி. ஸ்பிரிங் அழுத்தத்தின் இரட்டிப்பு வரைதான் இந்த அமைப்பை நம்பலாம் என்பதையும் மனதில் வையுங்கள். 0.3 ஸ்பிரிங் என்றால் 0.6 வரை. நமக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சரும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். டர்போ இல்லாத வண்டியின் சென்சர் வளிமண்டல அழுத்தத்தோடு நின்றுவிடும், பூஸ்ட் வந்ததும் குருடு. 2.5 அல்லது 3 பார் சென்சர் போடுங்கள். இப்போது பங்க்கில் வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குச் சரிவிகிதம் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் எத்தனை பங்கு காற்று) 14.7 கிடையாது, 13.5-ஐ ஒட்டியது. எத்தனால் நாக்கிங்கைத் தாங்க உதவும், ஆனால் பழைய மேப்பையோ பழைய ஜெட்டையோ வைத்துக்கொண்டால் கலவை வறண்டு அந்த உதவியும் போய்விடும். எக்ஸாஸ்ட்டில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சரை லாம்டாவில் (சரிவிகிதத்தை 1 என்று வைக்கும் அளவு) படியுங்கள், எரிபொருள் மாறினாலும் கணக்கு மாறாது.

ஹோஸ் கழன்றால்

மூன்று வழிகளுக்கும் பொதுவான பலவீனம் ஆக்சுவேட்டர் ஹோஸ். அது கழன்றால் அல்லது வெடித்தால் கதவு மூடியே இருக்கும், பூஸ்ட் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. நல்ல சிலிகான் ஹோஸ், இரண்டு முனையிலும் கிளாம்ப், எக்ஸாஸ்ட்டிலிருந்து விலக்கிக் கொண்டுபோவது, இதெல்லாம் அடிப்படை. அதற்கு மேலும் ஒரு காவல் வேண்டும். இசியூ உள்ளவர்கள் இலக்குக்கு 0.15 பார் மேலே எல்லா இன்ஜெக்டரையும் ஒரே நேரத்தில் நிறுத்தும்படி எழுதுங்கள். பெட்ரோலே இல்லாத சிலிண்டரில் தட்டுவதற்கு எதுவும் இல்லை.

கார்பரேட்டர்காரர்கள் பெட்ரோல் பம்ப்பை நிறுத்தக் கூடாது. கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரத் தீரக் கலவை வறண்டு, பூஸ்ட்டோடு சேர்ந்து அதுவே பிஸ்டனைத் துளைக்கும். அவர்களுக்கு இன்டர்கூலர் குழாயில் ஸ்பிரிங் வைத்த ஒரு ரிலீஃப் வால்வு, கூடவே குறித்த அழுத்தத்தில் இக்னிஷன் காயிலின் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரஷர் சுவிட்ச், இரண்டும் இருக்கட்டும். கன்ட்ரோலருக்கு வைத்திருக்கும் காசை முதலில் இதில் போடுங்கள்.

எங்கே ஓட்டிப் பார்ப்பது என்பதையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றிச் சாலையில் ஓட்ட இடம் தருவதில்லை. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் கைகொடுக்காமல் போகலாம். நள்ளிரவில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையிலோ மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலோ பூஸ்ட் பதிவெடுக்கப் போகாதீர்கள். அங்கே விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லர்களைத் தெரியாதவர் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு காலத்தில் நம் பக்கமே சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்குப் போன பிறகு வடக்கே அப்படி ஓர் இடம் இல்லை. வண்டியை டிரெய்லரில் ஏற்றி அந்த டிராக்குக்கே கொண்டுபோங்கள், இல்லையென்றால் டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் மேடை) மணிக்கணக்குக்கு எடுங்கள். டைனோவில் ஒருவர் பதிவைப் பார்க்க, இன்னொருவர் ஹெட்போன் மாட்டி நாக் கேட்க முடியும், அது சாலையில் முடியாது.

ஆக, கார்பரேட்டர் ஜென்னோ 800-ஓ என்றால் 0.3 பார் ஸ்பிரிங், இன்டர்கூலர், ரிலீஃப் வால்வு, கேஜ். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ் டப்பாவுக்குள் பூஸ்ட் நுழையாமல் ஒருவழி வால்வும் போடுங்கள். கைவால்வு வேண்டாம். இன்ஜெக்ஷன் எஸ்டீமில் தனி இசியூ போட்டிருந்தால் அதே 0.3 ஸ்பிரிங், முதல் மேப் முடிந்ததும் சோலனாய்டு, 0.5 பாரில் நிறுத்தம், வெயிலுக்கேற்ற குறைப்பு. டீசல் ஆக்சுவேட்டரோடு ஏற்கெனவே வண்டியைக் கட்டி முடித்துவிட்டவர்கள், புது ஆக்சுவேட்டர் வரும்வரை கதவைத் திறந்தபடி கம்பியால் கட்டி வைத்து நகர்த்துங்கள். கட்டும்போது எஃகுக் கம்பி போடுங்கள், அந்தச் சூட்டில் அலுமினியக் கம்பி உருகிவிடும்.